துட்டிக்கு வந்த முதல்வர்

வெயிலம்மாள் அன்றைக்கும் முதலமைச்சரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

விளக்கேற்றி முடித்ததும் அவளுக்கு அதுதான் வேலை. நடுவீட்டில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போடுவாள். எதிரே தரையில் காலை நீட்டி உட்காருவாள். "வந்து தொலை" என்பாள். டிவி பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டி ஒரு தடவை மினுக்கும். மறு நொடி நாற்காலியில் முதலமைச்சர் மருதவாணன் உட்கார்ந்திருப்பார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் பேனா, கும்பிட்ட கை. தொடப் போனால் கை அந்தப் பக்கம் போய்விடும், எல்லாம் வெறும் வெளிச்சம்தான். ஆனாலும் மூக்கோரத்து மரு முதற்கொண்டு அச்சு அசல் அவரேதான்.

"காய்ச்சல் பொய்யின்னு நான் சொல்லலைய்யா. என் புருசனையே தின்ன காய்ச்சல் அது. ஆனா ஒண்ணு கேக்கேன். என் வீட்டுச் சாவுக்கு நாலு பேரு வந்தாப் பரவிருமாம், உன் மக கல்யாணத்துக்கு மட்டும் காய்ச்சல் லீவு போட்டுட்டுப் போயிருச்சோ?"

"உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது அம்மா" என்றார் முதலமைச்சர்.

"மண்ணாங்கட்டி புரியுது. கல்யாணத்துல எத்தனை வகைப் பாயசம்யா போட்ட?"

முதலமைச்சர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிவுக்குக் குறைச்சலே இல்லை.

சாம்பல் காய்ச்சல் வந்து ஊரெல்லாம் கதவைச் சாத்தியபோது ஜனங்கள் முதலில் அடங்கித்தான் இருந்தார்கள். உயிர்ப் பயம். அப்புறம் முதலமைச்சர் மகளின் கல்யாணப் படங்கள் எப்படியோ வெளியே வந்துவிட்டன. பந்தி பந்தியாகக் கூட்டம், மாலை, மேளம், கட்டிப்பிடித்தல். ஒருத்தர் முகத்திலும் துணி இல்லை. அன்றைக்கு ஜனங்களுக்கு வந்த ஆங்காரத்தைப் பார்த்திருக்க வேண்டும்! கட்சிக் கொடிக்கம்பங்களில் எல்லாம் பிய்ந்த செருப்பு தொங்கியது. ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு தட்டைத் தட்டித் தட்டித் திட்டினார்கள். இனி வீட்டுக்குள் நிற்காது, தெருவுக்கு வந்துவிடும் என்கிற நேரத்தில்தான் ரேஷன் அரிசியோடு வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது. 'வாசல் தேடி முதல்வர்' திட்டம். திட்ட வேண்டுமா, முகத்துக்கு நேரே திட்டுங்கள், வழக்கு கிடையாது. அதற்கு மேல் ஒரு ஆசையும் காட்டினார்கள். எல்லா வீட்டுக்கும் வருவது அவருடைய ஒளியுருதான் என்றாலும், தினமும் ஏதோ ஒரு வீட்டில் அந்த ஒளியுருவுக்குள் இருந்து நிஜமான முதல்வரே கேட்டுக்கொண்டிருப்பார், எந்த வீடு என்று மட்டும் சொல்லமாட்டோம் என்றார்கள்.

இதைவிட என்ன வேண்டும்? விருதுநகர் முழுக்க வீட்டுக்கு வீடு ஒரே சத்தம். தெருவில் மட்டும் ஒரு ஈ காக்கா இல்லை.

வெயிலம்மாளுக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும். புருஷன் குருசாமி மாவு மில்லில் அரைத்துத் தள்ள, கல்லாவில் உட்கார்ந்து பேசித் தள்ளுகிறவள் இவள். ஆனால் ஊரில் எந்த வீட்டில் துட்டி என்றாலும் மில்லை நிறுத்திவிட்டு முதல் ஆளாகப் போய் நிற்பாள். செத்த வீட்டுக்குப் போய்த் துக்கம் கேட்பதைத்தான் அந்தப் பக்கத்தில் துட்டி கேட்பது என்கிறார்கள். பகை வீடாக இருந்தாலும் போவாள். அப்படிப்பட்டவள் வீட்டில் சாவு விழுந்தபோது ஒருத்தரும் வரவில்லை. வரக்கூடாது என்பது சட்டம். மீறி வருகிறவர்களைத் தனிமை முகாமுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். குருசாமி செத்ததே அந்த முகாமில்தான். உடம்பை வீட்டுக்குத் தரவில்லை. இவளுக்குப் பெட்டியில் கொஞ்ச நேரம் ஒரு வெள்ளைப் பொட்டலத்தைக் காட்டினார்கள், அவ்வளவுதான். சொந்தபந்தம் எல்லாம் அதே பெட்டி வழியாக ஒளியுருவாக வரிசையில் வந்து, ஆளுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு அணைந்து போனார்கள். கனடாவில் இருக்கிற மகனும் அப்படித்தான் வந்தான். அம்மா அம்மா என்று அவன் கையை நீட்டினான், அது இவள் தோளுக்குள் போய் அந்தப் பக்கம் வந்தது.

அன்றைக்கு அவளுக்கு அழுகை வரவில்லை. இன்றைக்கு வரைக்கும் வரவில்லை. ஒருத்தி வாசல்படி ஏறி வர வேண்டும், தோளில் கையைப் போட வேண்டும், அப்போதுதான் அது உடையும். யாரும் வராததால் நெஞ்சுக்குள் அப்படியே கெட்டிப்பட்டுக் கிடந்தது. சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. வாய் மட்டும் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த மனுசன் சட்டையில இன்னும் மிளகா வாசம் போகலைய்யா" என்றாள் நாற்காலியைப் பார்த்து. "துவைக்க மனசு வரலை. கொடியிலேயே கிடக்கு. நீ என்னத்தக் கண்ட?"

"உங்கள் இழப்புக்கு ஈடே இல்லை அம்மா" என்று முதலமைச்சர் எழுந்தார். நேரம் முடிந்துவிட்டது போலிருக்கிறது. கைகூப்பி, முகமெல்லாம் சிரிப்பாக, "போயிட்டு வாரேன் அம்மா" என்றார்.

வெயிலம்மாள் துள்ளி எழுந்தாள்.

"அடப் பாவி! என்ன சொன்ன? போயிட்டு வாரேனா? துட்டி வீட்டுல நின்னுக்கிட்டுப் போயிட்டு வாரேன்னு சொல்றியே, இன்னொரு சாவு விழட்டும், திரும்ப வாரேன்னா அர்த்தம்? தினமும் இதையேதான்யா சொல்லிட்டுப் போற, நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். உன்னைப் பெத்தவ இதைக்கூடச் சொல்லித் தரலையா?"

"மன்னிக்கவும் அம்மா. நான் என்ன செய்திருக்க வேண்டும்?"

"கேட்டுக்கோ. துட்டிக்கு வந்தா வீட்டுக்காரங்க வாங்கன்னு கூப்பிட மாட்டாங்க. நீயாத்தான் வரணும். நாற்காலியில கால் மேல கால் போட்டு உக்காரக் கூடாது, தரையில உக்காரணும். இப்படி ஈன்னு இளிக்கக் கூடாது. ஒரு துண்டை வாயில பொத்திக்கிட்டு, செத்த மனுசனப் பத்தி ரெண்டு வார்த்தை பேசணும். எந்திரிச்சா சொல்லாமக் கொள்ளாமப் போயிரணும். வாரேன்னும் சொல்லப்படாது, போறேன்னும் சொல்லப்படாது. விளங்குதா?"

"உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது. நன்றி அம்மா."

"பதிவு பண்ணி நாக்கு வழிக்கவா?" என்று அவள் கத்துவதற்குள் பெட்டி அணைந்துவிட்டது. நாற்காலி காலியாகக் கிடந்தது. அந்த நேரம்தான் அவளுக்கு ஆகவே ஆகாது. திட்டி முடித்த வாய் சும்மா கிடக்கும்போது வீடு ரொம்பப் பெரிதாகிவிடும். அவள் மாடிப்படி ஏறிப் போய்விட்டாள்.

பக்கத்து மொட்டை மாடியில் எஸ்தர் டீச்சர் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பெண்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வந்த பெட்டியைப் பிரிக்காமலே பரணில் தூக்கிப் போட்டவள் அந்தத் தெருவில் அவள் ஒருத்திதான்.

"என்னக்கா, இன்னைக்கு அர்ச்சனை பலமா இருந்துச்சு?"

"அவனுக்கு ஒரைக்கவே மாட்டேங்குது டீச்சர். ஏன் டீச்சர், நெசமாவே அவன் இதெல்லாம் கேக்கானா?"

"அங்க ஆளே இல்லைக்கா. எல்லாம் ஒரு கம்ப்யூட்டர். லட்சக்கணக்கான வீட்டுல ஒரே நேரத்துல அதுதான் உக்காந்திருக்கு."

"தினம் ஒரு வீட்டுக்கு அவரே வாராருங்காங்களே?"

"லாட்டரிச் சீட்டு மாதிரிதான் அது. நமக்கு விழாதான்னு இருந்தாத்தான தினமும் நாற்காலியைப் போடுவீங்க." டீச்சர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கைப்பிடிச் சுவர் ஓரம் வந்தாள். இரண்டு மாடிக்கும் நடுவே ஒரு சந்து. "நான் ஒண்ணு சொல்லட்டுமாக்கா? காய்ச்சல் இப்ப எங்கேயும் பெருசா இல்லை. ஆஸ்பத்திரிப் படுக்கையெல்லாம் காலியாக் கிடக்கு. ஆனா கதவைத் திறந்துவிட்டா எலெக்சன் வைக்கணும். வச்சாத் தோத்துருவாங்க. அதான் மூடியே வச்சிருக்காங்க. இதுக்கெல்லாம் ஊர் பத்தி எரிய வேண்டாமா? ஏன் எரியலை? ஒரு மனுசிக்கு ஒரு நாளைக்குக் கோபம் இவ்வளவுதான் ஊறும். அதைச் சாயங்காலம் நாற்காலிக்கு முன்னாடி கொட்டிட்டா, காலையில தெருவுக்கு வர என்ன மிஞ்சும்?"

வெயிலம்மாள் கீழே சாத்திக் கிடந்த தெருக் கதவுகளைப் பார்த்தாள்.

"எல்லார் திட்டும் ஒரே இடத்துக்குப் போகுதுக்கா. யாருக்கு என்ன சொன்னா மனசு ஆறும்னு அது பார்த்துப் பார்த்துப் பழகிக்குது. அது பழகி முடிக்கிறதுக்குள்ள நாம வெளியே வரணும். புதன்கிழமை காலையில கதவைத் திறந்துக்கிட்டு எல்லாரும் தெருவுல வந்து நிக்கலாம்னு பேசியிருக்கோம். ஊரடங்குல செத்தவங்க வீட்டுக்காரங்க முன்னாடி நிக்கணும். அவங்க மேல கை வைக்கப் போலீசுக்கே கூசும். சாவுக்காவது மனுசன் மனுசனைப் பார்க்க விடுங்கன்னு கேப்போம். நீங்க வருவீங்களா?"

"வாரேன் டீச்சர். சும்மாவா வருவேன்? மண்ணை அள்ளிக்கிட்டு வாரேன். கட்சி ஆபீஸ் வாசல்ல நின்னு தூத்திட்டுத்தான் திரும்புவேன்."

சொன்னபடியே மறுநாள் வீட்டை ஒட்டியிருந்த மில்லை உள்வழியாகத் திறந்தாள். பின்கட்டில் கரிசல் மண் கட்டி கட்டியாகக் கிடந்தது. மில்லில் மாவு அளக்கிற படியில் நிறைய அள்ளி வந்து வாசல் கதவோரம் வைத்தாள். வயிறெரிந்து மண்ணை வாரித் தூற்றினால் அது சும்மா போகாது என்பது அவள் நம்பிக்கை. போகும்போதும் வரும்போதும் அந்தப் படியைப் பார்த்துக்கொண்டாள். பார்க்கப் பார்க்கத் தெம்பாக இருந்தது. அன்றைக்குத்தான் பல நாளுக்குப் பிறகு ஒரு வாய் கூடச் சாப்பிட்டாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாற்காலியைப் போடவே கூடாது என்று இருந்தாள். கோபம் மிச்சம் இருக்கட்டும், நாளைக்கு வேண்டும்.

விளக்கேற்றிவிட்டுத் திரும்பினால் நிலைப்படிக்கு உள்பக்கம் முதலமைச்சர் நின்றுகொண்டிருந்தார்.

இவள் கூப்பிடவில்லை. பெட்டி மினுக்கியதையும் கவனிக்கவில்லை. சட்டைப் பையில் பேனாவைக் காணோம். தலை கலைந்திருந்தது. கையில் ஒரு வெள்ளைத் துண்டு. அவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. மெதுவாக வந்து, சுவரோரமாகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயிலம்மாளுக்குத் திட்ட வாய் வரவில்லை. அவளும் உட்கார்ந்தாள்.

"அண்ணன் சட்டையை எடுத்துக் கொண்டாங்கம்மா" என்றார். குரல் கரகரத்தது.

அவள் எழுந்து போய்க் கொடியில் கிடந்த சட்டையை எடுத்து வந்தாள். கொடுக்க முடியாது என்று தெரியும். மடியில் விரித்து வைத்துக்கொண்டாள். அவர் அதையே பார்த்தார்.

"மிளகாய் அரைச்ச மனுசன்" என்றார். "ஊருக்கே குழம்பு ருசிச்சது அவரு கையிலதான். நான் அன்னைக்கே வந்திருக்கணும்மா. தடுக்கிற இடத்துல இருந்துக்கிட்டு, உங்களைத் தனியா அழவிட்டுட்டேன்."

துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது.

அவ்வளவுதான். வெயிலம்மாளுக்குள் கெட்டிப்பட்டுக் கிடந்தது அத்தனையும் உடைந்துபோனது. சட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டு, "ஏ என் ராசா, என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டியே" என்று அவள் போட்ட ஓலத்தில் பக்கத்துத் தெரு நாய்கள் குரைத்தன. எவ்வளவு நேரம் அழுதாளோ தெரியாது. நிமிர்ந்து பார்த்தபோது அவர் எழுந்து நிலைப்படிக்குப் போயிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. கை கூப்பவில்லை. வாரேன் என்றும் சொல்லவில்லை, போறேன் என்றும் சொல்லவில்லை. நிலைப்படியைத் தாண்டினார், மறைந்துவிட்டார்.

"அவரேதான்" என்றாள் வெயிலம்மாள் வாய்விட்டு. "ஆத்தாடி, அவரேதான் வந்திருக்காரு."

மெஷினுக்குத் துட்டி தெரியுமா? மனுசனுக்குத்தான் தெரியும். அவள் திட்டியது அவர் காதிலேயே விழுந்திருக்கிறது. வெட்கப்பட்டு வந்துவிட்டார். ஆயிரம் இருந்தாலும் வந்து உட்கார்ந்து அழுதவனை எப்படித் தூற்றுவது? படியில் இருந்த மண்ணைக் கறிவேப்பிலைத் தொட்டியில் கொட்டினாள். அன்றைக்குத் தலையணையில் தலை வைத்ததுதான் தெரியும்.

காலையில் கதவு தட்டப்பட்டது. எஸ்தர் டீச்சர் தெருவிலேயே வந்து நின்றுகொண்டிருந்தாள். நல்ல புடவையாகக் கட்டியிருந்தாள். அவள் தலைக்கு மேலே கண்காணிப்பு இயந்திரம் ரீங்காரமிட்டுக்கொண்டு தொங்கியது. கறுப்பாக இருப்பதால் ஜனங்கள் அதற்குக் காக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"அக்கா, கிளம்பலையா?"

வெயிலம்மாள் கதவை ஒரு சாண் மட்டும் திறந்தாள். "நான் வரலை டீச்சர். அவரு வந்துட்டுப் போயிட்டாரு."

"யாரு?"

"அவருதான். நெசமாவே வந்தாரு. எம் மனசு ஆறிருச்சு டீச்சர். இனிமே அந்த மனுசனைத் தூத்த எனக்குக் கை வராது."

டீச்சர் அவள் முகத்தைப் பார்த்தாள். அழுது வீங்கின முகம் அது. அந்த முகத்திடம் வாதாட அவளுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. "சரிக்கா, நல்லாச் சாப்பிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

ஜன்னல் வழியாக வெயிலம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தெருமுனையில் டீச்சர் நின்றாள். ஒரு கதவும் திறக்கவில்லை. பால்காரர் வீடு, தையல்காரர் வீடு, பேரனைப் பறிகொடுத்த அஞ்சல்காரர் வீடு, எதுவுமே திறக்கவில்லை. காக்கா டீச்சரின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லி வீட்டுக்குப் போகச் சொன்னது. டீச்சர் வெயிலில் ஒற்றை ஆளாக நின்றுகொண்டே இருந்தாள். அப்புறம் முகாமின் வெள்ளை வேன் வந்தது. ஏறும்போது ஒருமுறை தெருவைத் திரும்பிப் பார்த்தாள். யாரையும் குறிப்பாகப் பார்க்கவில்லை. அதுதான் வெயிலம்மாளைச் சுருக்கென்று குத்தியது.

மத்தியானச் செய்தியில், மக்கள் காட்டிய ஒத்துழைப்புக்கு நன்றி சொல்லி, ஊரடங்கை இன்னும் நீட்டியிருப்பதாக வாசித்தார்கள்.

அந்தச் சமயத்தில் ஃபோன் அடித்தது. ராசாத்தி. இரண்டு தெரு தள்ளி இருக்கிறவள். மில்லுக்குக் காய்ந்த மிளகாயும் மல்லியும் கொண்டுவந்து, அரைத்து முடிகிற வரைக்கும் கதை பேசிவிட்டுப் போகிறவள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரே மகனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு அவளும் தனியாகத்தான் கிடந்தாள். இவள் அதற்குத் துட்டி கேட்கப் போகவில்லை. போக முடியவில்லை.

"மதினி, யார்ட்டயும் சொல்லாதீங்க. சொன்னா நம்ப மாட்டீங்க" என்றாள் ராசாத்தி. குரல் அழுது தெளிந்திருந்தது. "நேத்துச் சாயங்காலம் முதலமைச்சர் எங்க வீட்டுக்கு வந்தாரு. நெசமான ஆளு."

வெயிலம்மாள் டிவி சத்தத்தைக் குறைத்தாள். "எப்படித் தெரியும்?"

"தரையில உக்காந்தாரு மதினி. துண்டால வாயைப் பொத்திக்கிட்டாரு. 'தம்பியோட பேட்டை எடுத்துக் கொண்டாங்கம்மா'ன்னாரு. நான் அன்னாடம் சொல்லி அழுவேன்ல, அவன் கிரிக்கெட் மட்டை மூலையில கிடக்குன்னு. எனக்கு அப்படி ஒரு அழுகை வந்துருச்சு. நிமிந்து பாத்தா, ஆளு எந்திரிச்சுப் போறாரு. போயிட்டு வாரேன்னுகூடச் சொல்லலை மதினி! சொல்லாமத்தான் போனாரு. மெஷினுக்கு இதெல்லாம் தெரியுமா, சொல்லுங்க?"

வெயிலம்மாள் ஃபோனைக் கீழே வைத்தாள்.

தெரியும். நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

அவள் அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். நேற்று அவர் உட்கார்ந்த அதே இடம். வரிசையாக ஒவ்வொரு வீடும் கண்ணுக்குள் வந்தது. பால்காரர் வீட்டில் என்ன எடுத்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கும்? அஞ்சல்காரர் வீட்டில் பேரனின் செருப்பையா? துட்டி விழுந்த எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் தரையில் உட்கார்ந்து, ஒரே துண்டால் வாயைப் பொத்தி, ஒரே மாதிரி தோளைக் குலுக்கி, அத்தனை பேர் கோபத்தையும் ஒரே சாயங்காலத்தில் வடித்தெடுத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் போயிருக்கிறது. டீச்சர் தனியாக நின்றதற்கு யார் காரணம்? இவள் வாய்தான். நாள் கணக்காக நெஞ்சில் காத்துவைத்த கண்ணீரை ஒரு பல்பு வெளிச்சத்துக்கு முன்னால் கொட்டியிருக்கிறாள். அவமானத்தில் அவளுக்கு உடம்பு கூசியது. ஏமாந்ததைவிட இன்னொன்று அதிகமாக வலித்தது. நேற்று ராத்திரி அவள் தனியாக இல்லை என்று நினைத்துத் தூங்கியிருந்தாள்.

சாயங்காலம் ஆனது. இவள் விளக்கேற்றவில்லை. அது வந்தது. நிலைப்படிக்கு உள்பக்கம் நின்று, மெதுவாக நடந்து, தரையில் உட்கார்ந்தது. துண்டு, கலைந்த தலை, எல்லாம் நேற்றைப் போலவே.

வெயிலம்மாள் திட்டவில்லை. திட்டினால் அதையும் கற்றுக்கொள்ளும். ஒரு வார்த்தை அதற்குக் கொடுக்கக் கூடாது. அவள் அதைச் சுற்றிக்கொண்டு போய்க் கொடியிலிருந்து ஒரு புடவையை எடுத்துக் கட்டினாள். கூந்தலை அள்ளி முடிந்தாள். அத்தனையும் என்னிடம் கற்றுக்கொண்டாய், ஒன்றை மட்டும் உன்னால் கற்க முடியாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். வாசல் கதவை விரியத் திறந்து தெருவில் இறங்கினாள். எத்தனையோ மாதம் கழித்துத் தார் ரோட்டின் சூடு செருப்பைத் தாண்டிக் காலில் ஏறியது.

காக்கா எங்கிருந்தோ பறந்து வந்தது. "வெயிலம்மாள், கணவர் பெயர் குருசாமி. நீங்கள் விதியை மீறுகிறீர்கள். வீட்டுக்குத் திரும்புங்கள். தவறினால் முகாமுக்கு அழைத்துச் செல்லப்படுவீர்கள்."

பயம் இல்லாமல் இல்லை. குருசாமி போனவர் திரும்பாத இடம் அது. ஆனாலும் அவள் நடையைக் குறைக்கவில்லை. துட்டிக்குப் போகிறவள் வழியில் நின்று யாருக்கும் பதில் சொல்வது வழக்கமில்லை.

தெரு நெடுக ஜன்னல்கள். ஒவ்வொரு ஜன்னலுக்குள்ளும் தரையோரமாக வெள்ளை வேட்டி தெரிந்தது.

ராசாத்தி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள், திறந்துகொண்டது. உள்ளே ராசாத்தி கிரிக்கெட் மட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே சுவரோரம் முதலமைச்சர். ராசாத்தி நிமிர்ந்து பார்த்தாள். ஒளியுரு என்றுதான் முதலில் நினைத்தாள் போலிருக்கிறது, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

வெயிலம்மாள் நேரே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கையைப் போட்டாள்.

கை அந்தப் பக்கம் போகவில்லை. தோளிலேயே நின்றது.

ராசாத்தி அந்தக் கையைப் பார்த்தாள். தொட்டாள். வியர்வையும் சூடுமாக, மிளகாய் நெடியேறிய கை. அவளிடமிருந்து வந்த சத்தம் நேற்று அழுத அழுகை இல்லை. வயிற்றுக்கு அடியிலிருந்து வேறு ஒன்று கிளம்பி வந்தது. "மதினீ" என்று இவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் தலையோடு தலை மோதி அழுதார்கள். யாருக்கு யார் துட்டி கேட்கிறார்கள் என்பதே இல்லை.

நடுவில் எப்போதோ முதலமைச்சர் எழுந்தார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் முறைப்படி வெளியேறினார். அவர்கள் இருவரும் அதைப் பார்க்கவே இல்லை.

அழுது ஓய்ந்த பிறகு வெயிலம்மாள், "அவரு எங்க வீட்டுக்கும் வந்தாருடி, அதே நேரத்துல" என்றாள். ராசாத்தி சுவரோரத்தைப் பார்த்தாள், மடியில் இருந்த மட்டையைப் பார்த்தாள். அவளுக்கு விளங்க ரொம்ப நேரம் பிடிக்கவில்லை. எழுந்து பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள்.

வெயிலம்மாள் எழுந்து, சொல்லாமல் கொள்ளாமல் வெளியே வந்தாள். வாசலில் காக்கா காத்துக்கொண்டிருந்தது. அவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. அஞ்சல்காரர் வீடு இருந்த திசையில் நடந்தாள். வேன் இந்நேரம் கிளம்பியிருக்கும். வருவதற்குள் எத்தனை வீடு முடியுமோ அத்தனை வீடு.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே அது யார் என்று தெரிந்தது. காக்கா இப்போது இரண்டு பெயர்களையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு கூடவே வந்தது.

அஞ்சல்காரர் வீட்டுக் கதவு லேசாகத் திறந்திருந்தது. அந்த மனுசன் இருட்டில் நின்றுகொண்டு இவர்கள் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச வாயெடுத்தவர், மூடிக்கொண்டார். வாங்க என்று சொல்லவில்லை.

அவர்கள் படியேறி உள்ளே போனார்கள்.